வெள்ளிங்கிரியின் 'ங்க'

கோயம்புத்தூரில் டிரைவர் இல்லாத டவுன் பஸ்கள் ஓட ஆரம்பித்த புதிதில் ஒரு கலாட்டா நடந்தது. பஸ்ஸுக்குள் அறிவிப்புச் செய்யும் குரலைச் சென்னையில் யாரோ தயாரித்து அனுப்பியிருந்தார்கள். "உள்ளே நகரவும், படியில் நிற்காதே" என்றது அந்தக் குரல். காந்திபுரத்தில் ஏறியவர்கள் உக்கடம் போய்ச் சேர்வதற்குள் கொதித்துப்போனார்கள். நகரச் சொன்னதற்காக இல்லை, 'ங்க' போடாமல் சொன்னதற்காக. ஒரே வாரத்தில் குரலை மாற்றினார்கள். இப்போது அதே பஸ், "ஏனுங்க, கொஞ்சம் உள்ள போனீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்று குழைகிறது. இப்போதும் யாரும் நகர்வதில்லை. ஆனால் யாருக்கும் கோபமும் இல்லை.

நான் சென்னைக்காரி. பெயர் சங்கமித்திரை. மூளை நரம்பியலும் மனநோயும் எங்கே கைகுலுக்குகின்றனவோ அங்கே என் ஆராய்ச்சி. என் பெயரில் அச்சான கட்டுரைகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை நானும் பிழை திருத்தியவரும் மட்டுமே முழுதாகப் படித்திருப்போம். உலகம் படித்தது ஒன்றே ஒன்றைத்தான். அது இந்த 'ங்க'வைப் பற்றியது. அந்தக் கட்டுரை தப்பு என்று எனக்குத் தெரிந்த சாயங்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வெள்ளிங்கிரி அன்னூரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். கருகிப்போன மோட்டாரிலிருந்து பழைய செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. ஸ்கூட்டரில் போகும்போது, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று அவரைத் தூக்கி எறிந்தது. தலையின் வலது பக்கம் அடி. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, படம் எடுத்து, எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயமே ஆரம்பித்தது.

என் அறைக்குள் அவரும் மனைவி வளர்மதியும் வந்தபோது, அவர் முதலில் செய்த காரியம் மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டது.

"உக்காருங்க" என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டருங்க, இந்தம்மா ரொம்ப நல்லவங்க. ஒரம்பரைக்கு வந்தவங்க, எனக்காக ஆஸ்பத்திரி வரைக்கும் அலையறாங்க. ஆனா எங்கூட்ல காணோமுங்க."

ஒரம்பரை என்றால் அந்தப் பக்கத்தில் விருந்தாளி. 'எங்கூட்ல' என்றால் 'என் மனைவி'. நம் ஊர் ஆண்களுக்கு வீடும் மனைவியும் ஒரே சொல்தானே! இந்த வாக்கியத்தை நான் மொழிபெயர்ப்பு மென்பொருளிடம் கொடுத்தேன். 'என் வீட்டுக்குள் எதுவும் தெரியவில்லை' என்று அது ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. வெளிநாட்டில் கட்டுரையைப் பரிசீலித்த பெரியவர் ஒருவர், நோயாளியின் கண்ணைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டு எழுதினார்.

"இவங்க யாரு மாதிரி இருக்காங்க?" என்று வெள்ளிங்கிரியிடம் கேட்டேன்.

"அச்சு அசல் எங்கூட்டுக்காரி மாதிரியேங்க. மூக்குத்தி கூட அதேதானுங்க. ஆனா அவ இல்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதெப்படிங்க சொல்றது? பாத்தா மனசு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுங்களே."

நான் வளர்மதியைத் தாழ்வாரத்துக்குப் போய் அங்கிருந்து கணவருக்குப் போன் செய்யச் சொன்னேன். வெள்ளிங்கிரியின் சட்டைப்பை அலறியது. எடுத்தார். அதுவரை பூப்போலப் பேசிக்கொண்டிருந்த மனிதர் எகிறினார்.

"ஏ புள்ள! எங்க போயித் தொலஞ்ச? ஊட்ல நான் ஒருத்தன் கெடக்கறது நெனப்பிருக்குதா இல்லியா?" என்றவர், போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "சீக்கிரம் வந்து சேரு புள்ள."

வளர்மதி போனை வைத்துவிட்டு அறைக்குள் வந்தார். வெள்ளிங்கிரி மரியாதையாக எழுந்து நின்றார். "வாங்க, உக்காருங்க. இப்பத்தானுங்க எங்கூட்ல இருந்து போன் வந்துச்சு" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. வளர்மதியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

வெள்ளிங்கிரியை வெளியே உட்காரவைத்துவிட்டு வளர்மதிக்கு விளக்கினேன். கூட இம்தியாஸ் இருந்தார். கருவிகள் செய்கிற இன்ஜினீயர், என் கட்டுரைகளில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையது.

"கண்ணு பார்த்து முகத்தை அடையாளம் சொல்றதுக்கு மூளையில ஒரு பாதை இருக்கு. பார்த்ததும் 'நம்ம ஆளு'ன்னு உள்ள ஒரு கதகதப்பு வருதில்ல, அதுக்கு இன்னொரு பாதை. அவருக்கு இந்த ரெண்டாவது பாதை அடிபட்டதுல அறுந்துபோச்சு. கண்ணு 'இது வளர்மதி'ங்குது. மனசு சும்மா இருக்கு. மூளைக்குக் குழப்பம். அதனால 'அதே மாதிரி இருக்கற வேற ஆளு'ன்னு ஒரு கதை கட்டிக்குது."

"போன்ல மட்டும் எப்படிங்க தெரியுது?"

"காது வழியா வர்ற பாதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க எதிர்ல நின்னா, கண்ணு சொல்றதுதான் செல்லும்."

இதற்கு ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயர் உண்டு. வளர்மதிக்கு அது தேவைப்படவில்லை. இம்தியாஸ் தன் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து மேஜையில் வைத்தார். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், புளியங்கொட்டை அளவுக்கு. கட்டுரையில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர். நாங்கள் கூப்பிடுவது 'ஒட்டு'. மனைவியின் முகத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அந்த முகம் எதிரில் வரும்போதெல்லாம் அறுந்த பாதையின் அந்தப் பக்கத்தை மெல்லத் தட்டிவிடும். உள்ளே கதகதப்பு வந்துவிடும்.

வளர்மதி அதைத் தொடாமல் பார்த்தார். "அப்ப வர்ற பாசம் அவருதுங்களா, மிசினோடதுங்களா?"

நரம்பியல் மாநாடுகளில் யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. இம்தியாஸ் முந்திக்கொண்டார்.

"மிசின்ல பாசமெல்லாம் கெடையாதுக்கா. பாலம் மட்டுந்தான் எங்களுது. அதுமேல போற வண்டியெல்லாம் அவரோடது."

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று வளர்மதி எழுந்துவிட்டார்.

நானும் இம்தியாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கோ அவசரம். ஒட்டை மாட்டிப் பார்க்க இப்படி ஒரு நோயாளி கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் வாரம் தவறாமல் போன் செய்து வளர்மதியை நச்சரித்தேன். அவர் வாரம் தவறாமல் "சொல்றனுங்க" என்றார்.

ஒரு நாள் அவரே தனியாக வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார், முகம் தெளிவாக இருந்தது. சொல்லப்போனால் முதல் தடவை பார்த்ததைவிடச் சற்று இளமையாகவே இருந்தார்.

"டாக்டருங்க, இதை இப்படியே உட்டுட்டா என்னங்க?" என்றார்.

"உட்டுட்டாவா? அவர் உங்களை யாரோன்னு நினைச்சிட்டிருக்காரு!"

"அதைத்தானுங்க சொல்றேன்." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினார். "எங்கூட்டுக்காரரு ஊருக்கெல்லாம் 'ங்க' போடற மனுசன். கடைக்கு வர்ற சின்னப்பசங்களுக்கும் 'ங்க'தான். தெருவுல மாடு குறுக்க வந்தாலும் 'தள்ளிக்கங்க'ம்பாரு. எனக்கு மட்டும் கல்யாணமான நாள்ல இருந்து 'ஏ புள்ள'தான். நான் அதைத் தப்பாவே நெனச்சதில்லீங்க. இப்ப என்னை ஒரம்பரைன்னு நெனக்கறாரா, 'சாப்டீங்களா', 'உக்காருங்க', 'உங்களுக்கு எதுக்குங்க சிரமம்'. தின்ன தட்டைத் தானே கழுவறாருங்க! நான் காப்பி குடுத்தா, குடிச்சுட்டு நல்லாருக்குதுன்னு சொல்றாருங்க. சொல்றாருங்க டாக்டரு!"

காப்பி நல்லாருக்குது என்பதை அவர் சொன்ன விதத்தில், நோபல் பரிசே கிடைத்த மாதிரி இருந்தது.

"அது மட்டுமில்லீங்க. சாயங்காலமானா என்னை உக்காரவச்சு அவரு பொண்டாட்டியப் பத்திச் சொல்றாரு. 'எங்கூட்டுக்காரி இல்லீன்னா நான் கடையே வச்சிருக்க மாட்டனுங்க. அவளாட்டம் ஒரு பொம்பள இந்த ஜில்லாவுல இல்லீங்க'ன்னு. இத்தனை நாளா நான் இதைக் கேட்டதே இல்லீங்க. இப்ப தெனமும் கேக்கறேன். நீங்க அந்த மிசினை மாட்டிட்டா அப்பறம் யாருகிட்டச் சொல்லுவாரு?"

பதில் தெரியாதபோது டாக்டர்கள் கண்டிப்பாகப் பேசுவோம். "அவர் சந்தோஷமா இருக்காரா?" என்று கேட்டேன்.

வளர்மதியின் கை நின்றது.

"இல்லீங்க. பொழுது சாஞ்சா கேட்டுல போயி நின்னுக்கறாரு. நான் உள்ள போயி அடுப்படியில இருந்து போன் பண்ணி, 'எங்கம்மா ஊட்ல இருக்கறேன், ரெண்டு நாள்ல வந்துருவேன்'னு சொல்லுவேன். அப்பறந்தான் சோறு திம்பாரு."

"நல்லா யோசிச்சுக்கோங்க" என்றேன். இந்த முறை எனக்காகச் சொல்லவில்லை.

அந்தப் பொய்தான் வினையாகிப்போனது. 'எங்கம்மா ஊட்ல இருக்கறேன்' என்று பெண்டாட்டி தினமும் சொன்னால், ரோஷமுள்ள புருஷன் எத்தனை நாள் பொறுப்பான்? ஒரு காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பூவும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, வெள்ளிங்கிரி மனைவியிடமே வந்து சொல்லியிருக்கிறார். "ஊட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க. நான் காங்கேயம் போயி எங்கூட்டுக்காரியக் கூட்டிட்டு வந்தர்றேன். அவளுக்கு எம்மேல ஏதோ கோவமுங்க. கால்ல உழுந்தாவது கூட்டிட்டு வந்தர்றனுங்க." வளர்மதி செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது.

காங்கேயத்தில் மாமியார் வீடு பூட்டியிருந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இவரே பாடைக்குத் தோள் கொடுத்தவர்தான், ஆனால் பெண்டாட்டி போனில் சொல்கிறாளே! வெயிலில் அந்தப் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வருவாள் என்று காத்திருந்து, மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் தெளித்து எழுப்பி வளர்மதிக்குத் தகவல் சொன்னார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளிங்கிரி வாடிப்போன பூவைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க எதுக்குங்க இம்புட்டுத் தூரம் வந்தீங்க? அவ வரலீங்க. எம்மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுட்டாளாட்ட இருக்குதுங்க" என்று சொல்லி அழுதாராம்.

மறுநாளே இருவரும் என் அறையில் இருந்தார்கள்.

"மாட்டிருங்க டாக்டரு" என்றார் வளர்மதி. "எனக்கு 'ங்க'வும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இந்த மனுசன் கேட்டுல நிக்கறதை இனி என்னால பாக்க முடியாது."

வெள்ளிங்கிரியிடமும் எல்லாவற்றையும் சொல்லி, பிறகுதான் மாட்டினோம். அவருக்குப் புரிந்தது. கம்பி அறுந்த இடத்தில் தனியாக ஒரு கம்பி இழுக்கிறோம் என்று இம்தியாஸ் சொன்னதும் தலையாட்டினார். "கரெண்டு வந்தாப் போதுமுங்க" என்றார். வளர்மதியை எதிரில் உட்காரவைத்தோம். இம்தியாஸ் கருவியை மெல்ல மெல்ல உயர்த்தினார். நான் வெள்ளிங்கிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் நெரிந்தது. கழுத்தை நீட்டி, மூக்குத்தியைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது.

"ஏ புள்ள!" என்று கத்தினார். "எங்கடி போயிருந்த இத்தனை நாளா? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு!"

திட்டிக்கொண்டே வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வளர்மதி சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். நான் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இம்தியாஸ் என் காதருகே வந்து, "டாக்டர், 'ங்க' போயிடுச்சு" என்றார்.

அதுதான் கட்டுரை. ஒருவருக்குத் தன் மனிதர்களை மறுபடி 'தன் மனிதர்களாக' உணர முடிகிறதா என்பதை எப்படி அளப்பது? ஸ்கேன் படத்தில் அது சரியாகத் தெரிவதில்லை. கேட்டால், டாக்டரைத் திருப்திப்படுத்த ஆமாம் என்பார்கள். ஆனால் 'ங்க' பொய் சொல்லாது. அந்நியராக நினைக்கும்வரை 'ங்க' இருக்கும், நெருக்கம் திரும்பியதும் உதிர்ந்துவிடும் என்று எழுதினேன். எங்களுக்கு அடுத்தடுத்து வந்த நோயாளிகளும் அதையே காட்டினார்கள். ஆங்கிலேயப் பரிசீலகருக்கு இது புரியவே இல்லை. அவர்களுக்கு நாய்க்கும் ராஜாவுக்கும் ஒரே 'யூ'. ஜெர்மனியிலிருந்து ஒருவர், எங்கள் மொழியிலும் இப்படி இரண்டு உண்டு, என் மாமியாரிடம் நான் இன்னும் மரியாதையில்தான் இருக்கிறேன் என்று பாராட்டி எழுதினார். கட்டுரை அச்சானது. அழைப்புகள் வந்தன. வியன்னாவில் ஒரு பெரிய மாநாட்டில் பேசச் சொன்னார்கள்.

மேடையில் போட்டுக் காட்ட ஒரு வீடியோ இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வெள்ளிங்கிரி மனைவியை ஏக வசனத்தில் விரட்டுகிற மாதிரி சின்னதாக ஒன்று. சொல்லிவிட்டுப் போனால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடிப்பார்கள் என்று, ஒரு சாயங்காலம் சொல்லாமலே அன்னூருக்குக் கிளம்பினேன். பஸ் என்னை "பாத்து எறங்குங்க" என்று இறக்கிவிட்டது.

வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கேட்டைத் திறக்கப் போன என் கை அப்படியே நின்றது.

"நீங்க உக்காருங்க. காப்பி நான் போட்டுட்டு வர்றனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார் வெள்ளிங்கிரி.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார் வளர்மதி.

"சிரமமெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுக்காரி இருந்தா என்னை அடுப்படிப் பக்கமே உட மாட்டா. அவ கைக்கு வர்ற காப்பி எனக்கு வராதுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, அவ போட்ட காப்பியக் குடிக்கறதுக்குன்னே நான் கடையில இருந்து நடுவுல ஊட்டுக்கு வருவனுங்க. வெளிய காட்டிக்கறதில்ல."

"இதை அவங்ககிட்டயே சொல்லலாமுங்களே?"

"அய்யோ, அதெப்படிங்க! வெக்கமா இருக்காதுங்களா?"

ஒட்டு வேலை செய்யவில்லை. அவர் மறுபடி அந்நியப் பெண்மணியோடு பேசிக்கொண்டிருக்கிறார். எப்போதிலிருந்து? வியன்னா என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். அப்புறம்தான் பூட்டின வீட்டு முன்னால் வாடின பூவோடு உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிங்கிரி திடுக்கிட்டு எழுந்தார். "அட, டாக்டருங்களா! வாங்க வாங்க" என்றவர், வளர்மதியைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார். "இவங்க... ஒரம்பரைக்கு வந்திருக்கறாங்க. நீங்க உக்காருங்க."

"கருவி என்ன ஆச்சு?" என்று நான் ஆரம்பிப்பதற்குள் வளர்மதி என் கையைப் பிடித்தார். "டாக்டருங்களுக்கு நான் காப்பி போடறேன். கூட வாங்க" என்று கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"ஏன் எனக்குச் சொல்லல?" நான் உள்ளே போனதும் சீறினேன். "எப்ப இருந்து இப்படி? கருவி ரிப்பேர்னா உடனே போன் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. அவரே அமுத்தி அணைச்சு வச்சாருங்க."

குளிக்கும்போது மட்டும் அணைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். "எதுக்கு?"

வளர்மதி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். "மாட்டிட்டு வந்த கொஞ்ச நாள்லயே அந்த ஒரம்பரை அம்மாளைத் தேட ஆரம்பிச்சுட்டாருங்க. 'நல்ல பொம்பள புள்ள அது. ஒரு வார்த்தை நன்றி கூட நான் சொல்லல'ம்பாரு. அது நாந்தானுங்கன்னா, 'தெரியும் புள்ள'ம்பாரு. தெரியுது, ஆனாலும் தேடுது. அப்பறம் ஒரு நாள் சாயங்காலம் கருவிய அணைச்சுட்டு வாசல்ல உக்காந்துட்டாரு. மறுக்கா அதைப் போட்டப்பறம் ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டனுங்க. 'உங்கிட்ட நேருக்கு நேரு பேச எனக்கு வாய் வர்றதில்ல புள்ள. அந்தம்மாகிட்டன்னா வருது. அவங்ககிட்டச் சொன்னா உனக்கு வந்து சேந்துரும்ல'ன்னாருங்க."

நான் சீறுவதை நிறுத்தியிருந்தேன்.

"ஆனா அணைச்சதும் என்னைக் காணோம்னு தேட்டம் வந்துருமுங்க. பேசிக்கிட்டே கேட்டைப் பாப்பாரு. எம்பொண்டாட்டி வருவாளாங்கன்னு எங்கிட்டயே கேப்பாரு. தெனமும் என்னைத் தொலைச்சுட்டு உக்காந்திருந்தாருங்க, என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்றதுக்கு. எனக்குத் தாங்கலீங்க. 'உங்க நாலு வார்த்தை எனக்கு வேண்டவே வேண்டாம், இனி அதுல கை வச்சீங்கன்னா பாத்துக்கங்க'ன்னு சண்டையே போட்டனுங்க."

"கேக்கலையா?"

"அடுத்த நாளே மறுக்கா காதுகிட்டக் கையக் கொண்டுபோனாரு. 'உக்காருங்க'ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, நாமளே அதைப் போட்டு உட்ரலாம்னு அவரு பின்னால போனனுங்க." வளர்மதி அடுப்பைத் தணித்தார். முகத்தில் புதுசாக ஒன்று இருந்தது. அதை வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். "நீங்க இந்தக் காப்பியக் கொண்டுபோயி அவருக்குக் குடுங்க. குடுக்கறப்ப பின்னால இருந்து குடுங்க."

எனக்குப் புரியவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெள்ளிங்கிரி தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கருவி வேலை செய்கிறதா என்று நர்ஸ்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக, இம்தியாஸ் அதன் பின்பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு பச்சை விளக்கு வைத்திருந்தார். மாட்டியிருப்பவருக்கு அது கண்ணாடியில்கூடத் தெரியாது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒட்டு பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது. எதிரில் உட்காரப்போவது யார் என்று வெள்ளிங்கிரிக்கு அணு அணுவாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் 'ங்க' போட்டுக்கொண்டிருந்தார்.

காப்பியைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குத் திரும்பினேன். "எத்தனை நாளா?" என்று கிசுகிசுத்தேன்.

"அன்னைக்கிருந்து அது அணையவே இல்லீங்க. கைய மட்டும் காதுகிட்டக் கொண்டுபோயிட்டு எடுத்துக்குவாரு."

"உங்களுக்குத் தெரியும்கறது அவருக்குத் தெரியுமா?"

"அங்க வெளக்கு இருக்கறதே அவருக்குத் தெரியாதுங்களே." என் கையை மறுபடி பிடித்துக்கொண்டார். "சொல்லிறாதீங்க டாக்டரு. தெரிஞ்சா நிறுத்திருவாரு. வெக்கத்துல செத்தே போயிருவாரு."

வியன்னாவில் நான் என்ன சொல்வேன்? நெருக்கம் திரும்பினால் 'ங்க' போய்விடும் என்று அச்சில் எழுதிவிட்டேன். திரும்பிய பிறகும் ஒருவர் வேண்டுமென்றே அதை எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடும் என்று ஒரு திருத்தம் எழுதியாக வேண்டும். ஜெர்மன்காரருக்கு ஒருவேளை புரியும். மற்றவர்கள், ஆதாரம் எங்கே, வீடியோ எங்கே என்று கேட்பார்கள். என் போன் கைப்பையில்தான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

வளர்மதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு விருந்தாளியின் நடையில் வாசலுக்குப் போனார். நான் கதவோரம் நின்றுகொண்டேன். வெள்ளிங்கிரி எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இத்தனை நாளா வந்து போறீங்க, உங்க பேரைக் கேக்கவே இல்லீங்களே" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"வளர்மதிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை என்பதை, அந்த அம்மாளின் கை நாற்காலியின் பிடியை இறுக்கிய விதத்தில் தெரிந்துகொண்டேன்.

"வளர்மதி" என்று வெள்ளிங்கிரி ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். காது மடல் வரைக்கும் சிவந்துபோயிருந்தார். "நல்ல பேருங்க" என்றார்.